மயில் என்று சொல்லிவிட்டாள்

நடுவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இது என்னம்மா?" என் மாணவி, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, மேசைமேல் இருந்த தன் படைப்பை ஒருமுறை பார்த்தாள். சுண்டுவிரல் பருமனுள்ள பிரம்பு ஒன்று அடிப்பலகையிலிருந்து எழுந்து, வளைந்து, கீழே இறங்கப்போய், பலகையைத் தொடுவதற்குள் மனம் மாறி மீண்டும் மேலே ஏறுகிறது. அதன் முதுகில் தென்னை ஈர்க்குகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் நுனியில் மட்டும் குனிந்து அடுத்த ஈர்க்கின் இடுப்பைத் தொட்டு நிற்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நடுவரின் முகத்தைப் பார்த்தாள், பக்கத்து மேசையைப் பார்த்தாள், பிறகு "மயில், ஐயா" என்றாள். நடுவரின் முகம் மலர்ந்தது. "அதுதானே பார்த்தேன், தோகை நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். அன்று மாலை ஓர் ஆறுதல் பரிசும் சான்றிதழும் கிடைத்தன. சான்றிதழில் படைப்பின் தலைப்புக்கென விட்டிருந்த கோட்டின்மேல் யாரோ அழகான கையெழுத்தில் 'மயில்' என்று எழுதியிருந்தார்கள்.

அது மயில் இல்லை. அவள் அதை வளைத்துக் கட்டிய வாரங்களில் நான் பக்கத்திலேயே இருந்தேன். கழுத்து எங்கே, கால் எங்கே என்ற பேச்சு ஒரு நாளும் எழவில்லை. அவள் கவலையெல்லாம் வேறு. அந்தப் பிரம்பு இறங்கிய பிறகு ஏறவேண்டும், ஏறும் இடத்தில் முறிந்துபோகக்கூடாது, அவ்வளவுதான். "பரிசு கிடைத்துவிட்டதே, இனி உங்களுக்கு என்ன குறை?" என்று பணியறையில் சக ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்விதான். சின்னப் பிள்ளை ஒருத்தி சமயோசிதமாகப் பேசித் தப்பித்துக்கொண்டாள், யாருக்கும் நட்டமில்லை. ஆனாலும் அந்த மயில் என்னைத் தூங்கவிடவில்லை. இவ்வளவு வேகமாக அது எங்கிருந்து வந்தது?

தொட்டியும் கொசுவும்

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. அறிவிப்புப் பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இங்கே, தென்னமரம் தோட்டத்தில். அதன் பிறகு நூறாண்டுகளாக ஊரைச் சுற்றி மட்டைக்குப் பஞ்சமே இல்லை. குலை வெட்டும்போது கழிக்கும் மட்டைகளை நிரைகளுக்கு இடையே அடுக்கிப் போட்டிருப்பார்கள். காய்வதற்கு முன் போனால் ஒரு வகுப்புக்கு வேண்டிய ஈர்க்கு ஒரு மட்டையிலேயே கிடைத்துவிடும். அடிமட்டையின் முள் கையைக் கிழிக்கும் என்பதால் பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் யாராவது பாராங் கத்தியால் நறுக்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். தென்னை ஈர்க்கு அவரவர் வீட்டுக் கொல்லையிலிருந்து வரும். பிரம்புதான் வெளியூர்ச் சரக்கு. பிரம்பு நாற்காலி பழுதுபார்க்கும் ஒருவர் தன் மிச்சத் துண்டுகளைக் கட்டாகச் சேர்த்து வைத்துத் தருகிறார். முதன்முதலாக அந்தக் கட்டோடு நான் பள்ளி வாசலில் இறங்கியபோது, பேரனை விட வந்திருந்த ஒரு பெரியவர் தன்னையறியாமல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். அவர் காலத்துப் பள்ளியில் பிரம்புக்கு ஒரே ஒரு வேலைதான்.

கலைக்கல்விப் பாடத்தில் உருவமைத்தல் என்று ஒரு பகுதி உண்டு. அது வழக்கமாக எப்படி முடியும் என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எவருக்கும் தெரியும். ஐஸ்கிரீம் குச்சி வீடு, முட்டை அட்டை முதலை, பிளாஸ்டிக் போத்தல் பூச்சாடி. பாதியை அம்மாக்கள்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒட்டியிருப்பார்கள். எனக்கு அந்த முதலைகள்மேல் தனிப்பட்ட பகை ஒன்றுமில்லை. ஆனால் அட்டையை வெட்டி ஒட்டும்போது அட்டை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. நினைத்ததை நினைத்தபடி முடித்துவிடலாம். வளைகிற பொருள் அப்படி விடாது. பச்சை ஈர்க்கை வளைத்துப் பாருங்கள். அடி தடித்து, நுனி மெலிந்து இருப்பதால் வளைவு சமமாக விழாது. அடிப்பகுதி விறைத்து நிற்கும், நுனிக்குப் போகப் போகக் கோடு இறுகிச் சுருளும். அந்தக் கோட்டைப் பென்சிலால் போட எந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கும் வராது, ஈர்க்கு தானாகப் போட்டுத் தருகிறது. காய்ந்த ஈர்க்கு என்றால் வளைவதாகப் பாசாங்கு செய்து சட்டென்று முறியும். பிரம்பை ஊறவைக்காமல் தொடவே முடியாது.

ஊறவைப்பதில்தான் எங்கள் தலைமையாசிரியருக்கும் எனக்கும் முதல் தகராறு. பள்ளி வளாகத்தில் தண்ணீர்த் தொட்டி என்றதும் அவருக்குக் கண்முன் வந்தது ஏடிஸ் கொசுதான். டிங்கிக் காய்ச்சல் ஆண்டுதோறும் வந்துபோகிற ஊரில், சுகாதார ஆய்வாளர் வந்து தொட்டியில் ஒரே ஒரு புழுவைக் கண்டாலும் பதில் சொல்லவேண்டியவர் அவர். கடைசியில் மூடி போட்ட பீப்பாய், வகுப்பு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கவிழ்க்கும் பொறுப்பை வகுப்பிலேயே அதிகம் பேசும் இரண்டு பையன்களிடம் விட்டிருக்கிறேன். பாடத்தைவிட அந்த வேலையில் அவர்களுக்கு ஈடுபாடு அதிகம்.

பெயர் வந்தால் அவிழ்த்துவிடு

வகுப்பில் நான் வைத்தது ஒரே விதி. பெயர் சொல்ல முடிகிற எதையும் செய்யக்கூடாது. நடுவில் பெயர் தோன்றிவிட்டால் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். முதல் வகுப்பு முடிவில் மேசைகளில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வளைத்த குச்சியின் இரு முனைகளையும் குறுக்காகப் போட்டுக் கட்டினால் யாரும் கேட்காமலே மீன் வந்துவிடும். மீன் இல்லாத மேசைகளில் இதயம் இருந்தது, ஒரு மேசையில் இரட்டைக் கோபுரம். "டீச்சர், பெயர் இல்லாத ஒன்றை எப்படிச் செய்வது?" என்று ஒரு பையன் கேட்டான். குச்சியை வளைத்துக் கையில் வைத்துக்கொள், அது எங்கே போக விரும்புகிறது என்று பார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "அது நேராகப் போகத்தான் விரும்புகிறது, டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் வளைத்த பொருளைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. அது எப்போதும் பழைய நேர்க்கோட்டுக்குத் திரும்பத்தான் முயன்றுகொண்டிருக்கும். செய்கிறவர்களின் வேலை அந்தத் திமிறலை இன்னொரு திமிறலோடு கட்டிப்போடுவது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சும்மா நிற்கும்போது உருவம் என்று ஒன்று வருகிறது.

அருவச் சிற்பம், அதாவது எந்த உருவத்தையும் குறிக்காத சிற்பம், என்றாலே நம் ஆட்களுக்குப் புரியாது, அது நகரத்துக்காரர்களின் விளையாட்டு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வரிசை வீடுகளின் முன் நடந்து பாருங்கள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஒரே கோடாக ஓடி, தொடங்கிய இடத்தில் வந்து முடியும் சிக்குக் கோலம் இரண்டு மூன்று வாசல்களிலாவது கிடக்கும். அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போகும் எவராவது "இது என்ன, ஆமையா, தாமரையா?" என்று கேட்டதுண்டா? கோடு எங்காவது விட்டுப்போயிருக்கிறதா, புள்ளி ஏதேனும் சிறைப்படாமல் நிற்கிறதா என்றுதான் கண் தேடும். பிழை இருந்தால் எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். எதையும் குறிக்காத ஒரு வடிவத்தை, அது சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பிடும் திறமை நம் வீட்டு வாசலில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. கோவில் திருவிழாவில் குருத்தோலையை மடித்துச் சுருட்டித் தொங்கவிடுகிறவர்களையும் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

தீபாவளி நெருங்கினால் அதே கோலம் பேரங்காடிக்குப் போகிறது. அங்கே போனதும் அதற்கு உடனே ஒரு முகம் தேவைப்படுகிறது. சாயம் ஏற்றிய அரிசியில் நடுக்கூடத்தை நிறைத்துக்கொண்டு விரியும் அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மயில். வங்கி அனுப்பும் வாழ்த்து அட்டையில் மயில், பற்பசை விளம்பரத்தில் மயில், பல்லினக் கலைநிகழ்ச்சி மேடையின் நம் பக்க ஓரத்தில் மயில். மயில்மேல் எனக்குக் கோபமில்லை, முருகன் வாகனத்தைக் கோபித்துக்கொள்ள நான் யார்? ஆனால் பல இனங்கள் சேர்ந்து நிற்கும் ஒரு கூடத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் மேசையருகே வந்து "இது என்ன?" என்று கேட்கும்போது, கேட்கிறவர் மனத்தில் பதில் ஏற்கனவே பாதி எழுதப்பட்டிருக்கிறது. அந்த நடுவர் நல்லவர்தான், கேலியாகக் கேட்கவில்லை. மேசைகளுக்கு இடையே அவருக்கு இருந்த நேரம் குறைவு. என் மாணவி அவருக்கு உதவிதான் செய்தாள். எந்தச் சொல்லைக் கொடுத்தால் கதவு திறக்கும் என்று பதினொரு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் யாரிடமும் அவள் அதைப் பாடமாகக் கற்கவில்லை.

தாத்தா அழுத்திப் பார்த்தார்

காட்சி முடிந்து படைப்பு பள்ளிக்குத் திரும்பிய வாரம், அவளை அழைத்துப்போக அவள் தாத்தா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறிய பின் குலை வெட்டி, இப்போது வேலையிலிருந்து ஓய்ந்திருப்பவர். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பார்த்து இழுத்தே பழகியதால் கழுத்து இன்னும் கொஞ்சம் மேல்நோக்கியே நிற்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி வளைவு கட்டித் தருகிறவர் என்று ஊரில் தெரியும், எனக்கு அதுவரை தெரியாது. பேத்தி சான்றிதழை நீட்டினாள். வாங்கி, படிக்காமல், சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். அப்புறம் சிற்பத்தைத் தூக்கினார்.

அவர் செய்ததை அப்படியே சொல்ல முயல்கிறேன். முதலில் அடிப்பலகையை ஒரு கையில் பிடித்து லேசாகக் குலுக்கினார். எல்லா ஈர்க்குகளும் ஆடின. எது முதலில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரம்பின் பெரிய வளைவைக் கட்டைவிரலால் அழுத்தினார். இறங்கி ஏறும் திருப்பத்தில் அவர் விரல் நின்றது. "இங்கே கணு இருக்கிறது, டீச்சர்" என்றார். வளைவின் உச்சியில் கணு வரக்கூடாது, அங்கேதான் முதலில் விரிசல் விடும். கணுவை ஒரு சாண் தள்ளி, நேராகப் போகும் பகுதியில் வரும்படி பிரம்பை அறுத்திருக்க வேண்டுமாம். அடுத்து அவர் கை முடிச்சுகளுக்குப் போனது. நூல் போதாது என்றார். காய்ந்தால் பிரம்பு சற்று மெலியும், நூல் தளர்ந்துபோகும். பழைய சைக்கிள் ட்யூபை ரிப்பனாக அறுத்து இழுத்துச் சுற்றினால் பிரம்பு மெலிய மெலிய அதுவும் இறுகிக்கொண்டே வரும். கடைசியாக ஓர் எச்சரிக்கை. வெறும் தண்ணீரில் ஊறவைத்து வளைத்திருக்கிறீர்கள், சூடு காட்டவில்லை, ஆகவே இது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்ளும், அடுத்த மாதம் வந்து பாருங்கள் என்றார்.

அந்தப் பத்து நிமிடமும் பேத்தி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் முன்னால் நின்றபோது இருந்த முகம் இல்லை இது. அன்று அவள் பார்வை கேட்கிறவரின் முகத்தில் பதிலைத் தேடியது. இன்று, தான் செய்த பொருளைவிட்டு அது நகரவில்லை. இடையில் ஒருமுறை எதிர்த்தும் பேசினாள். கணு இருந்த இடத்தில்தான் பிரம்பு தானாகத் திரும்பியது, அதனால்தான் அங்கே வளைத்தேன் என்றாள். தாத்தா மறுபடி அழுத்திப் பார்த்து, ஆமாம், இதற்கு இயல்பிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். "இது மயில் என்று எழுதியிருக்கிறார்களே, உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். "யார் எழுதியது?" என்று கேட்டுவிட்டு மறுபடி முடிச்சைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் அவர் பிரம்பு வளைப்பதைப் பார்க்க வீட்டுக்கே போனேன். பலகையில் ஆணிகளை வளைவாக அடித்து வைத்திருக்கிறார். ஊறிய பிரம்பைக் கரி அடுப்பின்மேல் ஓரிடத்தில் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே சூடேற்றி, ஆணிகளுக்கு நடுவே செருகி இழுக்கிறார். தேவையான வளைவைவிட ஓரிரு விரல் அதிகமாகவே வளைக்கிறார். விடுவித்ததும் அது பின்வாங்கும், அந்தப் பின்வாங்கலுக்கு முன்கூட்டியே இடம் விடுவதுதான் கணக்கு. இதன் காரணத்தைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரமும் சூடும் சேரும்போது இளகும், நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் புது இடத்தில் உட்காரும், ஆறியதும் அங்கேயே இறுகும். வெறும் தண்ணீரில் அது முழுதாக நடப்பதில்லை. மரம் வளையும்போது உட்பக்கம் சுருங்கவும் வெளிப்பக்கம் நீளவும் வேண்டியிருக்கிறது. ஆவியில் வெந்த மரம் தாராளமாகச் சுருங்கிக் கொடுக்கும், நீளுவதில் மட்டும் மகா கஞ்சம், நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டினால் கிழியும். வியன்னாவில் தொழில் செய்த மைக்கேல் தோனெட் இதைச் சமாளிக்க மரத்தின் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டையைப் பொருத்தி, நீளவே விடாமல் வளைத்தார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி உலகம் முழுக்கப் போனது. எங்கள் ஊர்ச் சீனர் கோப்பிக்கடையில் வளைந்த முதுகோடு கிடக்கும் பழைய மர நாற்காலிகள் அந்த வம்சம்தான். பிள்ளைகளுக்கு அந்த நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு வரும்படி வீட்டுப்பாடம் கொடுத்தேன். கடைக்காரர் மட்டும் கொஞ்சம் பயந்துவிட்டார்.

தாத்தாவை ஞானி ஆக்கிவிடுவது எளிது, அவர் அதற்கு இடம் கொடுக்கமாட்டார். நல்ல பிரம்பைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்து வீணாக்குவதாக என்னிடமே குறைபட்டுக்கொண்டார். பெயர் சொல்லக்கூடாது என்ற என் விதியைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அறுந்து விழாமல் இருக்கவேண்டும், தோளில் சுமக்கிறவனுக்கு அது போதும் என்றார். காவடி கட்டுகிறவரின் பார்வை அது. சிற்பத்துக்கு அது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாக நிற்கிற அசட்டுப் பொருள்களும் உலகில் உண்டு. ஆனாலும் தொடங்கவேண்டிய இடம் அவர் விரல் நின்ற இடம்தான். எங்கே தாங்குகிறது, எங்கே நழுவுகிறது, இந்தக் கோடு ஏன் இங்கே திரும்பியது என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்கிறது. அன்று அவள் எதிர்த்துப் பேசியதே அதற்குச் சாட்சி.

ஒன்றுமில்லை என்பதும் ஒரு பதில்தான்

ஏன் மயில் என்றாய் என்று அவளிடம் கேட்டேவிட்டேன். இதற்குள் என் மனத்தில் ஓர் அழகான விளக்கம் தயாராகியிருந்தது. காவடி வளைவில் மயிலிறகு செருகுவார்கள், தாத்தா வீட்டில் அதைப் பார்த்தே வளர்ந்தவள், அந்த வளைவுதான் இவள் கையில் இறங்கியிருக்கிறது, ஆக மயில் என்று சொன்னது பொய்யே இல்லை. மிகவும் வசதியான விளக்கம் என்பதாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகமும் இருந்தது. அவள் யோசிக்கக்கூட இல்லை. "முன் மேசைப் பையன் கொக்கு என்றான், டீச்சர். ஐயாவுக்குப் பிடித்தது. அதனால் நானும் ஒரு பறவை சொன்னேன்." அவ்வளவுதான். கொஞ்சம் விட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் ஒன்று சேர்த்துக்கொண்டாள். "நீங்கள் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன்."

இந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை உட்காரவைத்தது. நடுவருக்குப் பறவை பிடிக்கும், டீச்சருக்கு ஒன்றுமில்லை பிடிக்கும். அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகைப் பதில்கள், கேட்கிறவருக்கு ஏற்ப எடுத்துக் கொடுப்பவை. பெயர் கூடாது என்ற விதியால் பிள்ளைகளை ஏதோ ஒரு கட்டிலிருந்து விடுவிப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அவர்களோ அதையும் இன்னொரு தேர்வு விதியாக எடுத்துக்கொண்டு, முழு மதிப்பெண் வாங்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே சமயத்தில்தான் சோபீப் பிச்சின் சிற்பங்களை வகுப்பில் திரையில் காட்டினேன். 1971-இல் கம்போடியாவின் பட்டம்பாங்கில் பிறந்து, கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்டு இயக்கத்தின் ஆட்சிக் கொடுமைக்குப் பின் குடும்பத்தோடு அகதியாக அமெரிக்கா போய், அங்கே ஓவியம் படித்து, 2002-இல் சொந்த நாட்டுக்குத் திரும்பியவர். 2004 முதல் பிரம்பையும் மூங்கிலையும் பிளந்து, வளைத்து, கம்பியால் கட்டிச் சிற்பம் செய்கிறார். 2013-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் காட்சியே வைத்தது. நம் பக்கத்து நாட்டுக்காரர், நம் பீப்பாயில் ஊறுகிற அதே பொருள். என் கட்சிக்கு வலுவான சாட்சி கிடைத்துவிட்டது என்ற தெம்போடுதான் காட்டத் தொடங்கினேன். அவருடைய கட்டக்கட்டமான பின்னல்களைப் பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். அடுத்து 2011-இல் அவர் செய்த பெரிய பூ வந்தது. பிரம்புக் கொடிகள் தரையில் பரவி ஓட, அவற்றின் முனையில் ஆளுயரத்தையும் மிஞ்சும் ஒரு புனல் வாய். பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "டீச்சர், கங்கோங் பூ!"

கங்கோங்தான். எங்கள் ஊர்க் கால்வாய் ஓரத்திலெல்லாம் கிடக்கும் கீரை. கெமர் ரூஜ் காலத்துப் பட்டினியில் கம்போடிய மக்களின் வயிற்றை ஓரளவுக்கு நிரப்பியது அது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் அந்தச் சிற்பத்தின் பாதி பாரம் போய்விடும். இங்கே பெயர் வெளியிலிருந்து ஒட்டியதல்ல, பிரம்பை வளைப்பதற்கு முன்பே வயிற்றில் இருந்தது. அவிழ்த்துவிடு என்று அவரிடம் நான் சொல்ல முடியுமா? வகுப்பு முடிந்து பீப்பாயைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் இன்னும் திரையை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். எதிர்க்கவேண்டியது பெயரை அல்ல என்று அன்றைக்குத் தோன்றியது. கேள்வி வந்து நின்ற அரை நொடியில் கைக்கு எட்டுவதை எடுத்துக் கொடுக்கும் அவசரத்தைத்தான் எதிர்க்கவேண்டும். ஆனால் அந்த அவசரத்தை வகுப்பு விதியாக எழுதித் தடுக்க முடியாது. இன்னொரு மாதம் போனால் இதிலும் எனக்கு வேறு கருத்து வரலாம்.

இப்போதைக்கு விதியை எடுத்துவிட்டேன். மீன் செய்ய விரும்புகிறவர்கள் மீன் செய்கிறார்கள். பதிலுக்கு, கட்டி முடித்த எதையும் இன்னொரு பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டும். வாங்கியவர் அதை ஆட்டி, அழுத்திப் பார்த்து, எங்கே பலமில்லை என்று சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. இரண்டு மூன்று மீன்கள் இந்தச் சோதனையில் செத்துப்போயின. அடுத்த போட்டிக்கான படிவம் வந்தபோது, தலைப்பு என்ற கட்டத்துக்குப் பதிலாக, என்ன பொருள், எப்படி வளைத்தது என்று எழுதும் கட்டம் வைக்கலாமே என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினேன். படிவம் ஏற்கனவே அச்சாகிவிட்டது, அடுத்த முறை பரிசீலிக்கிறோம் என்று மரியாதையாகவே பதில் வந்தது.

சென்ற வாரம் அந்தப் பிள்ளையின் அம்மா தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம். மகள் பரிசு வாங்கிய மயிலை முழுவதுமாக அவிழ்த்துப் போட்டுவிட்டாளாம். தாத்தா கணுவைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை, பிரம்பும் அவர் எச்சரித்தபடியே திறந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. இப்போது தாத்தாவும் பேத்தியும் கொல்லையில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், ஈர்க்கெல்லாம் தரையில் கிடக்கிறது, வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழில் மயில் என்று இருக்கிறது, வருகிற உறவினர்களுக்கு எதைக் காட்டுவது, நீங்கள் சொன்னால் கேட்பாள், கொஞ்சம் கண்டியுங்கள் டீச்சர் என்றார். சான்றிதழ் எங்கும் போகாது, அது சுவரிலேயே இருக்கட்டும் அம்மா என்றேன். பிரம்பு இன்னும் முறியவில்லைதானே என்று கேட்டேன். அவர் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முறியவில்லை என்றார். அப்படியானால் வியாழக்கிழமை பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்பச் சொன்னேன்.